பூச்சிக்குப் பசிக்குமே

மூன்றாவது வாளியின் மூடியைத் திறந்ததுமே உப்புக்காரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மூடியைப் போட்டாள். கைகழுவப் போனாள். கழுவிய கையைத் துடைக்காமலே திரும்பி வந்து மறுபடி திறந்தாள். வெளிச்சம்தான் சரியில்லையோ என்று வாளியை ஜன்னலோரம் இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான். போன வாரம் ஊற்றிவைத்தபோது நல்ல ரோஜா நிறத்தில் இருந்த தண்ணீர் சாயம் போன துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதிலிருந்த நுண்ணுயிர்கள் செத்துவிட்டன. செம்பைக் கண்டு அஞ்சாதவை, எவ்வளவு கொட்டினாலும் தாக்குப்பிடிப்பவை என்று இத்தனை வருஷமாக அவள் எழுதியும் பேசியும் வந்தாளே, அதே நுண்ணுயிர்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. அவள் வளர்ப்பவை உப்பளத்துப் பாத்திகளில் வாழும் உயிர்கள். கடல் தண்ணீரே அவற்றுக்குச் சப்பென்றிருக்கும். அதைப்போலப் பல மடங்கு உப்பு இருந்தால்தான் உடம்பு நிற்கும், இல்லாவிட்டால் வெடித்துச் சிதறிவிடும். அதனால் அவள் போன இடமெல்லாம் உப்பு பூத்தது. மேசை விளிம்பில், கதவுப் பிடியில், பேனா மூடியில், பக்கத்து அறைக்காரரின் நாற்காலியில்கூட. குடுவைகளை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் அவள் கைங்கரியம்தான். "உங்க பூச்சி செம்பைத் திங்குதோ இல்லையோ, இங்க இருக்கிற சாமானையெல்லாம் தின்னு தீத்துடும்" என்று, மண்ணில் வளரும் பூஞ்சைகளை ஆராயும் காளான்காரர் அடிக்கடி சொல்லிக்காட்டுவார். அவள் சிரித்துக்கொண்டே துடைப்பாள். மற்றவர்களுடைய உயிர்கள் ராத்திரி போட்டால் காலையில் குடுவை நிறையப் பெருகி நிற்கும். இவளுடையவை சோம்பேறிகள், கண்ணுக்குத் தெரிவதற்கே வாரக்கணக்காகும். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத தனக்குப் போய் இப்படியொரு வேலை வாய்த்ததே என்று அவளே நொந்துகொள்வாள்.

அந்தச் சோம்பேறிகளை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தவன் அவளுடைய அண்ணன். உப்பளத்தை ஒட்டியிருக்கும் முலாம் பட்டறையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன். குழாய், கைப்பிடி, கொக்கி என்று வருகிற இரும்புச் சாமான்களுக்குச் செம்புப் பூச்சு ஏற்றிக் கழுவிய தண்ணீர், உப்பளத்திலிருந்து ஊறிவரும் உப்புநீரோடு கலந்து பட்டறைக்குப் பின்னால் குட்டையாகத் தேங்கும். புல் பூண்டு முளைக்காத அந்தக் குட்டையின் ஓரத்தில் ஒரு நாள் ரோஜா நிறம் படர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தான் குடிக்கிற தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலிசெய்து, அதில் பிடித்துக்கொண்டு வந்தான். "பாப்பா, இதுல என்னமோ உசிரோட இருக்கு" என்றான். நாற்பதை நெருங்குகிறவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் உண்டு. அந்தப் பாட்டிலிலிருந்துதான் அவளுடைய ஆராய்ச்சி, அவளுடைய பேர், நாலு பேருக்கு முன்னால் பேராசிரியர் அவளைக் காட்டிச் சொன்ன நல்ல வார்த்தை, எல்லாம் வந்தன. மற்ற உயிர்களைக் கொன்றுபோடும் அளவுக்குச் செம்பைக் கரைத்து ஊற்றினாலும் அவளுடைய குடுவை சிவந்தது. உள்ளே புகுந்த செம்பை அந்த நொடியே பிடித்து வெளியே தள்ளும் சாமர்த்தியம் இதற்கு இருக்கிறது, மீதியைத் தன்மேல் சுரக்கும் பசையில் ஒட்டிவைத்துக்கொள்கிறது என்று அவள் எழுதினாள். பட்டறைக் கழிவைச் சுத்தம் செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்?

அதைக் கேட்டு அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டையின் செம்பு தங்கள் பாத்திகளுக்குள் கசிகிறதென்று உப்பளத்துக்காரர்கள் புகார் கொடுக்கப் புறப்பட்டிருந்த நேரம் அது. கொடுத்திருந்தால் பட்டறைக்குப் பூட்டுதான். அண்ணன் நேரே அவர்களுடைய சங்கத் தலைவியிடம் போய், மழை தொடங்குகிறவரைக்கும் பொறுங்கள், என் தங்கச்சியின் பூச்சி தண்ணீரைச் சுத்தம் பண்ணிக் காட்டும், காட்டாவிட்டால் புகாரில் முதல் ஆளாக நானே வந்து நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். பட்டறை முதலாளிகூடக் கொடுக்காத வாக்கு. சொன்னதோடு நிற்காமல், குட்டைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒரு சின்னப் பாத்தி வெட்டி, குட்டைத் தண்ணீரை அதில் நிரப்பி, அவள் கொடுத்த நுண்ணுயிரை ஊற்றினான். அவை பெருகுவதற்குத் தீனியாக ஈஸ்ட் சாற்றுத் தூளைப் பெரிய டப்பா நிறையக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு கரண்டி போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் போட்ட கணக்கைவிட வேகமாகப் பாத்தியில் செம்பு இறங்கியது. மளமளவென்று இறங்கியது. அதையும் பெருமையாக எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தாள். இன்று சாயங்காலம் உப்பளத்துக்காரர்கள் அந்தப் பாத்தியைப் பார்க்க வருகிறார்கள். பார்த்துத் தலையசைத்துவிட்டால் பெரிய குட்டைக்கும் இதே வைத்தியம் என்று முடிவாகிவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காளான்காரர் வாயைத் திறக்கும்வரை. போன வாரம் தேநீர் குடிக்கும்போது அவர் சும்மா, நிஜமாகவே சும்மா, கேட்டார்: "பூச்சியே இல்லாம வெறும் தீனிய மட்டும் போட்டுப் பாத்தீங்களா?" அவள் சிரித்தாள். பூச்சி இல்லாத இடத்தில் தீனியை யாருக்குப் போடுவது? சிரித்து முடிப்பதற்குள் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். நுண்ணுயிரும் தீனியும் இல்லாத வெறும் உப்புத் தண்ணீரில் செம்பு குறையாது என்று பார்த்திருக்கிறாள். இரண்டும் சேர்ந்திருந்தால் குறைகிறது என்றும் பார்த்திருக்கிறாள். தீனி தனியாக என்ன செய்யும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஏற்கெனவே சோம்பேறிகள், இதில் பட்டினியும் போட்டால் எப்போது வளர்வது என்று எடுத்த எடுப்பிலேயே தீனியைத் தாராளமாகப் போட்டுப் பழகியவள் அவள். காத்திருக்கப் பொறுமை இல்லாத கை.

அன்றைக்கே மூன்று வாளிகளில், கொதிக்கவைத்து ஆறிய குட்டைத் தண்ணீரை எடுத்தாள். முதல் வாளியில் நுண்ணுயிரும் தீனியும் போட்டாள். இரண்டாவதில் தீனி மட்டும். மூன்றாவதில் நுண்ணுயிர் மட்டும், தீனி கிடையாது. இப்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மொண்டு, செம்பு இருந்தால் நீலமாகும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தாள். முதல் வாளித் தண்ணீரில் நீலம் இல்லை. செம்பு போய்விட்டது. இரண்டாவதிலும் இல்லை. யாருமே குடியிருக்காத அந்த வாளியிலும் செம்பு போய்விட்டது, அடியில் மட்டும் பசையாக ஒரு பச்சைச் சேறு. மூன்றாவதில் சொட்டு விழுந்ததும் நீலம் குப்பென்று ஏறியது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தீனிதான் செம்பைப் பிடித்து அடியில் கொண்டுபோய்ப் படியவைத்திருக்கிறது. இத்தனை வருஷமாகக் குடுவைகளிலும் அதுதான் நடந்திருக்கிறது. நுண்ணுயிருக்கு எந்தச் சாமர்த்தியமும் இல்லை. விஷம் அதன்வரைக்கும் வந்து சேராமல் தீனி குறுக்கே நின்று வாங்கிக்கொண்டது. அண்ணன் பார்த்த குட்டை ஓரத்திலும் ஏதோ அழுகிய சகதி இப்படித்தான் குறுக்கே நின்றிருக்க வேண்டும். குறுக்கே நிற்க ஆள் இல்லாத வாளியில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

காளான்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்போ உங்க பூச்சி ஆட்டத்துல உப்புக்குச் சப்பாணிதான்" என்றார். வழக்கம்போல அவள் சிரிப்பாள் என்று நின்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தன் குடுவைகளிடம் போய்விட்டார்.

பேராசிரியர் வெளியூர் போயிருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒரு தடவை செய்து பார்த்ததை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது, திரும்பச் செய்யுங்கள், அதற்குமேல் ஒரு தடவையும் செய்யுங்கள், அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் அல்ல. சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் இரண்டு தடவை செய்து முடிப்பதற்குள் மழை வந்துவிடும். பெரிய குட்டையில் தீனியைக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். அவள் சரி என்று சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகு, எதற்குச் சரி என்று சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பேருந்தில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள். உப்புக்காரியை அவள் வீட்டில், அக்கம்பக்கத்தில், எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: நெஞ்சுரம் உள்ளவள், எதையும் தாங்கிக்கொண்டு படித்து மேலே வந்தவள். அப்பா படுத்த படுக்கையாகி, வீட்டில் அடுப்பு ஒரு வேளை எரிந்தால் மறு வேளை எரியாத காலத்திலும் அவள் பரீட்சையில் முதல் ஆளாக வந்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டறையில் சாமான்களைக் கொக்கியில் மாட்டும் வேலைக்குப் போனான். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் பச்சையாக வந்து உட்காருவான். தட்டை அவள் பக்கம் தள்ளுவான். பட்டறையிலேயே சாப்பிட்டேன் என்பான். பட்டறையில் யாரும் யாருக்கும் சாப்பாடு போடுவதில்லை என்று அவளுக்கு அந்த வயதிலேயே தெரியும். தெரிந்துதான் சாப்பிட்டாள். பசி அப்படி. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேருந்துக் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தாள். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி, புதுச் செருப்பு குதிகாலைக் கடிக்கக் கடிக்க, உப்பு மூட்டைகள் ஏற்றிய வண்டிகளுக்கு ஒதுங்கி நடந்தாள். நடந்தாலாவது ஏதாவது தோன்றுமா என்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணன் தேய்த்த சட்டை போட்டிருந்தான். அதற்குக் கீழே வழக்கமான ரப்பர் பூட்ஸ். பாத்தியைச் சுற்றி வரப்பைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தான், வருகிறவர்கள் கால் வழுக்கிவிடக்கூடாதாம். பாத்தியில் பழைய பச்சை நீலம் பேருக்குக்கூட இல்லை. ரோஜா நிறம் லேசாக ஓடிய தண்ணீர் வெயிலில் கிடந்தது. ஓரத்தில் உப்பு படிந்து வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், கையை எங்காவது வைக்க வேண்டுமே என்று, கொட்டகையில் இருந்த தீனி டப்பாவைத் தூக்கினாள். அது காற்று மாதிரி மேலே வந்தது. உள்ளே கரண்டி மட்டும் கிடந்தது.

"தீந்துபோச்சு பாப்பா. நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றான் அண்ணன்.

வாரத்துக்கு ஒரு கரண்டி போட்டிருந்தால் வருஷம் பூராவும் வரும் டப்பா அது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"காலைல ஒண்ணு, வேலை முடிஞ்சு போறப்ப ஒண்ணு. நீ படிச்சவ, அளந்துதான் போடுவே. எனக்கு மனசு கேக்கல. இந்த விஷத்துல கிடந்து மாரடிக்குதுங்க, பூச்சிக்குப் பசிக்குமேன்னு போட்டேன். தப்பா?"

அவள் காலி டப்பாவைக் கீழே வைத்தாள். கணக்கைவிட வேகமாகச் செம்பு இறங்கியதே, அது ஏன் என்று இப்போது தெரிந்தது. பாத்தியைத் தெளியவைத்தது அவளுடைய ஆராய்ச்சி இல்லை, இவன் அள்ளிப் போட்ட கரண்டி. அவள் வரப்பிலேயே குந்தி உட்கார்ந்து, காளான்காரர் கேட்ட கேள்வியிலிருந்து மூன்று வாளிவரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு வேகம் பிடித்தது, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று நிறுத்தாமல் சொன்னாள்.

"அப்போ தீனி போடலேன்னா?" என்றான் கடைசியில்.

"செத்துடும். ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான் இருந்திருக்கு. நான்தான் பாக்கலை."

"செம்பு?"

"எங்கயும் போகலை அண்ணா. இதோ, கீழ சேத்துல கிடக்கு. மழை வந்து பாத்தி பொங்கினா நேரே அவங்க பக்கம் போயிடும்."

அண்ணன் எழுந்து போய், ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்கினான். அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் பேராசிரியர் சொன்னதையும் சொன்னாள். திரும்பச் செய்து பார்க்கிறவரைக்கும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார், ஆகவே இன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்தாலும் அது பொய்யாகாது, நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன் என்றாள். சொன்னதும் அவளுக்கே உடம்பு கூசியது. தூக்கமுடியாததை மறுபடியும் அவன் பக்கம் தள்ளிவிட்டுத் தான் தட்டை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். இந்தப் பட்டறை மூடினால் நடுவயதைத் தாண்டிய தொட்டிக்காரனை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? மூடாவிட்டால், இவன் வாக்கை நம்பிப் புகாரை மடித்து வைத்தவர்களின் பாத்தியில் மழையோடு மழையாகச் செம்பு இறங்கும். இரண்டில் எது என்று அவன் வாயால் கேட்டுக்கொண்டால் அவளுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் கடித்த செருப்போடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

அண்ணன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தான். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அங்கயே சாப்பிட்டேன்" என்றாள்.

அவன் திரும்பி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பொய் அவனுக்குத் தெரியாதா? அவன் உண்டாக்கிய பொய்தானே. அதற்குள் உப்பளத்து வரப்பில் ஆட்கள் வரிசையாக வருவது தெரிந்தது.

முன்னால் வந்தது சங்கத் தலைவி. தலையில் கட்டிய துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, தங்கள் பாத்தி ஓரங்களில் இந்த வருஷமும் பச்சை பூத்ததை, அந்த உப்பைத் தனியாக ஒதுக்கிக் கொட்டியதை, வாங்க வருகிறவர்கள் மற்ற குவியலையும் சந்தேகமாக விரலால் கிளறிப் பார்ப்பதை, எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு பாத்தியைப் பார்த்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து மணிக்கட்டுவரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் தோளுக்குமேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டியே தம்பி" என்றாள் தலைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "நாங்க நம்பலை. நிஜமா நம்பலை."

உப்புக்காரி வாயைத் திறந்தாள். செம்பு, தீனி, வாளி, சேறு என்று எல்லா வார்த்தையும் ஒரே சமயத்தில் முண்டியடித்து வந்து ஒன்றுகூட வெளியே வரவில்லை. எத்தனையோ மேடைகளில் இந்தத் தண்ணீரைப் பற்றித் தங்குதடையில்லாமல் பேசியவள். இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் போதும், தலைவி எழுந்துவிடுவாள், எல்லாரும் கலைந்துவிடுவார்கள். அந்த ஒரு நொடி எவ்வளவு சுலபம் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்றைக் கழற்றி வரப்பில் வைத்தான். மற்றதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். தொட்டித் தண்ணீரிலேயே ஊறி ஊறி அவன் பாதமெல்லாம் வெடித்திருந்தது. தேய்த்து வைத்த கால்சட்டை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் பாத்திக்குள் இறங்கினான். வெடிப்புகளில் உப்பு ஏறியிருக்க வேண்டும், பல்லைக் கடிப்பது தெரிந்தது. நடுவரைக்கும் போனான்.

"தம்பி, என்ன பண்றே?"

"இன்னும் பாத்து முடிக்கலை அக்கா" என்றான். "கீழ இருக்கு. நல்லாப் பாருங்க."

காலைச் சேற்றில் ஊன்றி அழுத்தி இழுத்தான். அவனைச் சுற்றித் தண்ணீர் கலங்கியது. ரோஜா நிறத்துக்குள்ளிருந்து பச்சையாக ஒரு புகை எழுந்தது. அவன் அடுத்த காலையும் இழுத்தான். பின்னால் நின்றவர்கள் யாரோ என்னமோ சொன்னார்கள், யாரோ அவர்களை அடக்கினார்கள்.

உப்புக்காரி செருப்பைக் கழற்றி அந்தப் பூட்ஸுக்குப் பக்கத்தில் விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குதிகாலில் செருப்பு கடித்த இடம் சுரீரென்று எரிந்தது. அண்ணன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. வழுக்கும் சேற்றில் தானே காலை ஊன்றி, அழுத்தி, இழுத்தாள். அவள் காலடியிலிருந்தும் பச்சை எழுந்து அவனுடையதோடு சேர்ந்துகொண்டு கரைப்பக்கம் பரவியது. தலைவி இன்னும் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. பச்சை மெதுவாக அந்தக் கையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.